துயரம் தீட்டிய சித்திரம்

துக்கத்தை மறக்க வழி யாது என்று பலரும் கேட்கிறோம். மறவாமலே அதனைத் தாங்குவதற்கும் ஒரு வழி உண்டு என்பதை நம் நகரத்து ஓவியர் ஒருவர் காட்டிச் சென்றிருக்கிறார். அவர் அவனீந்திரநாத் தாகூர். 1871-ஆம் ஆண்டு ஜோராசாங்கோவில் பிறந்தவர். கவி ரவீந்திரருக்குச் சகோதரன் மகன் முறை.

1898-இல் கல்கத்தாவில் பிளேக் நோய் புகுந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் அக்கொடிய நோய் அவனீந்திரரின் சிறு பெண்ணையும் வாரிக்கொண்டு போயிற்று. அந்த வேதனையில் அவர் தீட்டியதே 'ஷாஜஹானின் மறைவு' என்னும் சித்திரம். தம் நெஞ்சின் துயரம் முழுவதையும் அதில் கொட்டியதாகப் பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்தார். 1903-ஆம் ஆண்டு தில்லி தர்பாரை ஒட்டிய கண்காட்சியில் அதற்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது.

ஆக்ராக் கோட்டையில் சிறைப்பட்ட கிழச் சக்கரவர்த்தி மரணப் படுக்கையில் கிடக்கிறார். அவர் பார்வை தொலைவில் தெரியும் தாஜ்மஹாலை நாடுகிறது. காலடியில் மகள் ஜஹானாரா அமர்ந்திருக்கிறாள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மகளை இழந்தவர் தந்தை. சித்திரத்திலோ தந்தையைப் பிரியப் போகிறவள் மகள். விதி மாற்றிவிட்ட முறையை ஓவியர் தூரிகையால் நேர் செய்துகொண்டார் போலும்! மனைவியை 1631-இல் இழந்து, துயரத்தைப் பளிங்காக எழுப்பிய ஒருவரையே அவர் நாடியதும் பொருத்தமன்றோ?

நிற்க. என் தாயார் காலமாகிப் பதினைந்து நாள்கூட ஆகாத வேளை. கோலமின்றி வெறிச்சோடிய வாசலைப் பார்த்தவாறு என் மகள் கணக்கு நோட்டில் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். "படிக்கிற நேரத்தில் கிறுக்கலா?" என்று கடிந்துகொண்டேன். அவள் விம்மினாள். பிறகுதான் பார்த்தேன், பாட்டி மார்கழியில் இடும் சிக்குக் கோலம் அது. புள்ளிக் கணக்கு பிசகி, ஓரிடத்தில் இழை கூடாமல் நின்றது. அந்தக் கணக்கை அறிந்தவர் போய்விட்டார். இருவருமாக உட்கார்ந்து நெடுநேரம் முயன்றோம். அன்றுதான், தாயார் போன பிறகு முதன்முறையாக, நான் வாய்விட்டு அழுதேன்.

நம் எல்லோருக்கும் தூரிகை வாய்ப்பதில்லை. ஒரு கோலமோ, கைப்பட எழுதிய ஒரு பக்கமோ, பூஜை வேளையில் முணுமுணுக்கும் ஒரு பாட்டோ போதும். போனவர் திரும்பார், எனினும் அவர் நம்மிடம் விட்டுச் சென்றது நம் கை வழியே மீண்டும் ஒருமுறை உருக்கொள்ளும். இறைவன் இருக்கிறான் என்ற எண்ணம் எனக்கு மீண்டதும் அந்த நோட்டுப் புத்தகத்தின் முன்னேதான்.

துக்க வீட்டில் குழந்தை எதையேனும் வரைந்தால், அன்பர்களே, தடுக்காதீர்கள்.