தாங்கல் எங்கே?

பின்லாந்தின் வட கோடியில் சாமி மொழி பேசும் மக்கள் வாழ்கிறார்கள். ஒரு காலத்தில் அந்நாட்டின் தென்பகுதியிலும் அம்மொழி வழங்கியது. இன்று அங்கே அது வழக்கொழிந்துவிட்டது. எனினும் அங்குள்ள ஏரிகள் பலவற்றின் பெயர்களில் சாமிச் சொற்கள் தங்கியிருப்பதாக மொழியறிஞர்கள் கூறுகின்றனர்.

சிட்லபாக்கத்தில் வாழும் எனக்கு நம் கதை இதற்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. இங்கே மொழி இருக்கிறது, ஏரிதான் போகிறது. தாங்கல் என்றால் சிற்றேரி. பழவந்தாங்கலில் மின்ரயில் நிற்கிறது, ஐயப்பன்தாங்கலுக்குப் பேருந்து ஓடுகிறது. இறங்குபவர்களில் எத்தனை பேர் தாங்கல் எங்கே என்று கேட்டிருப்பார்கள்?

ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் மழையை ஆண்டு முழுவதற்கும் தேக்கிவைக்க வேண்டிய மண் இது. அதனால்தான் பத்தாம் நூற்றாண்டிலேயே உத்திரமேரூரில் ஏரி வாரியம் அமைத்தார்கள். நாமோ 2015 வெள்ளத்தில்தான் நீர் போகும் வழியைத் தேடினோம்! சிட்லபாக்கம் ஏரி நிரம்பினால் உபரிநீர் செம்பாக்கம் ஏரிக்குச் செல்ல வேண்டும். அந்நீர் வழியும் இடத்திற்குக் கலங்கல் என்று பெயர். பட்டப்படிப்பு படிக்கும் நம்மில் பலருக்கு அச்சொல் தெரியாது. (கலங்கல் என்றால் சேற்றுநீர்தானே என்றார் ஒரு நண்பர்.)

நமது தமிழ்த்துறையும் புவியியல் துறையும் இணைந்து, இவ்வட்டார முதியவர்களிடம் மதகு, மடை, கலங்கல், தாங்கல் முதலிய சொற்களை இடத்தோடு சேர்த்துத் திரட்ட வேண்டும் என்பது என் கருத்து. அடுத்த மழைக்கு முன்பே தொடங்கலாம்.