பழைய சேலையில் கோடைச் சட்டை: லாபமா? நஷ்டமா?

வெயில் ஏறிவிட்டால் வீட்டுக்கு வீடு ஒரே பாட்டுத்தான். குழந்தைகளின் முதுகெல்லாம் வேர்க்குரு. ராத்திரி தூக்கம் இல்லை. போட்ட சட்டையைக் கழற்றி எறிகின்றன.

தளர்வான, வெளிர் நிறமான பருத்தி ஆடையை அணியச் சொல்லி ஒவ்வொரு கோடையிலும் அரசாங்கம் எச்சரிக்கிறது. நல்ல யோசனை. ஆனால் கடைக்குப் போய்ப் பாருங்கள். மலிவு விலையில் வரிசையாகத் தொங்கும் குழந்தைச் சட்டைகளில் பல, பருத்தியே அல்ல, பாலியஸ்டர்! சுத்தப் பருத்தி வேண்டும் என்றால் விலை கூடுகிறது.

அப்படியானால் ஏழைக் குடும்பம் பருத்திக்கு எங்கே போவது?

எங்கும் போக வேண்டாம். வீட்டுப் பெட்டியைத் திறந்தாலே போதும். அம்மாவின் பழைய நூல் சேலை, அப்பாவின் நைந்த வேட்டி, ஜாக்கெட் தைத்தது போக மிஞ்சிய துண்டுத் துணி, எல்லாம் அங்கேதான் கிடக்கின்றன. அவற்றில் கோடைத் துணி தைத்துக்கொள்ளலாம்.

"இந்தக் காலத்தில் யார் வீட்டில் உட்கார்ந்து தைப்பார்கள்? ரெடிமேட் சட்டையே மலிவாகக் கிடைக்கிறதே!" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

வெயிலும் ஒரு பேரிடர்

முதலில் வெயில் கணக்கு.

புயல், வெள்ளம் போல வெப்ப அலையும் ஒரு பேரிடர் என்று 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. வெப்ப அலையால் உயிர் இழந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் உதவி என்றும் சொன்னது. வெயில் உயிரைப் பறிக்கும் என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்டுவிட்டது!

உடம்பு தன்னைக் குளிரவைக்க வியர்வையை விடுகிறது. அந்த வியர்வை காற்றில் உலர வேண்டும். உலர்ந்தால்தான் சூடு தணியும்.

இதற்கு உதவும் துணி பருத்தி. 100 கிராம் பருத்தி, சாதாரணக் காற்றில் இருந்தே 8 கிராமுக்கு மேல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டரோ அரை கிராம்கூட இழுக்காது. அதனால்தான் மலிவான பாலியஸ்டர் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்கிறது. விளையாட்டு வீரர்களுக்கென்று தனியாக நெய்த பாலியஸ்டர் வேறு. சந்தையில் குவித்து விற்கும் சரக்கு வேறு.

பெட்ரோலில் பிறந்த துணி

பாலியஸ்டர் செடியில் விளைவது அல்ல. பெட்ரோலியத்தில் இருந்து செய்வது. 1941-ம் ஆண்டில் இங்கிலாந்தில் இரண்டு விஞ்ஞானிகள் இந்த இழையைக் கண்டுபிடித்தார்கள். நம் தாத்தாக்கள் ஆசையாக வாங்கிப் போட்ட "டெரிலின்" சட்டை இதுதான்.

கசங்காது, சீக்கிரம் உலரும், பல காலம் உழைக்கும் என்பதால் அது உலகத்தையே பிடித்துவிட்டது. 2023-ல் உலகத்தில் தயாரான ஜவுளி இழையில் நூற்றுக்கு 57 பங்கு பாலியஸ்டர். பருத்தி நூற்றுக்குச் சுமார் 20 பங்குதான்!

காரணம் விலை. பருத்திக்கு நிலம் வேண்டும், மழை வேண்டும், பூச்சி விழாமல் இருக்க வேண்டும். பாலியஸ்டருக்கு ஆலை இருந்தால் போதும்.

ரெடிமேட் ஏன் மலிவு?

ஆலையில் துணியை அடுக்கடுக்காகப் போட்டு ஒரே வெட்டில் வெட்டுகிறார்கள். ஒருவர் கை மட்டும் தைப்பார். ஒருவர் காலர் மட்டும் தைப்பார். இன்னொருவர் காஜா மட்டும் எடுப்பார். வேலை வேகமாக நடக்கிறது. கூலியும் குறைவு.

அந்த மலிவுக்கு யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார் என்பதையும் மறக்கக் கூடாது. 2013 ஏப்ரல் 24-ந் தேதி வங்காளதேசத்தில் ராணா பிளாசா என்ற கட்டிடம் இடிந்து விழுந்தது. உள்ளே துணி தைத்துக்கொண்டிருந்தவர்களில் 1,100 பேருக்கு மேல் மாண்டார்கள். வெளிநாட்டுக் கடைகளுக்காக அவர்கள் மலிவுத் துணி தைத்துக்கொண்டு இருந்தார்கள்.

இங்கே நம் ஊர்த் தையல்காரர் தனி ஆளாக ஒரு சட்டையை அளவெடுத்து, வெட்டி, தைத்து, காஜா எடுத்துத் தருகிறார். அவரும் பிழைக்க வேண்டும் அல்லவா? பல ஊர்களில் அவர் கேட்கும் கூலி, ஒரு ரெடிமேட் சட்டையின் விலையைத் தொட்டுவிடுகிறது. அதனால் துணி எடுத்துத் தைக்கக் கொடுக்கும் பழக்கம் குறைந்து போயிற்று.

எதைத் தைத்தால் லாபம்?

ஆகவே, புதுத் துணி வாங்கி, கூலியும் கொடுத்து, குழந்தைக்குத் தைத்தால் ரெடிமேடை விடச் செலவு கூடும். இது உண்மை. மறைக்க வேண்டியது இல்லை.

பெரியவர்கள் வெளியே போட்டுக்கொண்டு போகும் காலர் சட்டை, பேண்ட் இவற்றைப் பழகாதவர்கள் வீட்டில் தைப்பதும் நஷ்டம்தான். துணி வீண், நேரம் வீண், மனக்கசப்பு மிச்சம்!

லாபம் எங்கே? மூன்றும் சேரும் இடத்தில்தான் லாபம். துணிக்குக் காசு இல்லை, கூலி இல்லை, தைப்பது சுலபம். குழந்தைகளின் கவுன், உள்சட்டை, பாவாடை, நாடா அல்லது எலாஸ்டிக் வைத்த கால்சட்டை, பெரியவர்களின் நைட்டி, தலையணை உறை ஆகியவை இந்த ரகம்.

ஒரு சேலையை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் ஐந்தரை மீட்டர். குதிகால் படும் கரையும், உட்காரும் இடமும் முதலில் நைந்து போகும். முந்தானைப் பக்கமும் மேல்பாகமும் கெட்டியாக இருக்கும். பாதியைக் கழித்துவிட்டாலும் இரண்டே முக்கால் மீட்டர் மிஞ்சும்.

அதில் ஐந்து வயதுப் பெண்ணுக்கு ஒரு கவுன், அவள் தம்பிக்குத் தளர்வான ஒரு சட்டை, வீட்டில் போட்டுக்கொள்ள ஒரு உள்சட்டை. மூன்று உருப்படி! கடையில் இந்த மூன்றும் பருத்தியில் என்ன விலை என்று நீங்களே கேட்டுப் பாருங்கள்.

அதே சேலையை வாசலில் வரும் பாத்திரக்காரரிடம் போட்டால் என்ன கிடைக்கும்? மூன்று சேலைக்கு ஒரு பிளாஸ்டிக் பக்கெட் கொடுத்தால் அதிகம்!

பழசு என்றால் கேவலமா?

"பிள்ளைக்குப் பழைய துணியா? பார்ப்பவர்கள் சிரிக்க மாட்டார்களா?" என்று தயங்குகிறவர்கள் உண்டு.

சற்று யோசித்துப் பாருங்கள். நம் நாட்டில் பிறந்த குழந்தைக்கு முதல் துணியே பழைய துணிதான்! தாத்தாவின் பழைய வேட்டியில் சுற்றினார்கள். பாட்டியின் பழைய சேலையில் தூளி கட்டினார்கள். ஏன்? பலமுறை துவைத்த நூல் துணியில் கஞ்சி விறைப்பு இல்லை, முரடு இல்லை, பஞ்சு போல் இருக்கிறது. இன்னொரு நன்மையும் உண்டு. அது சுருங்க வேண்டிய அளவு ஏற்கனவே சுருங்கிவிட்டது. தைத்த பிறகு சட்டை சிறிதாகிவிடாது.

பணக்கார நாடுகளும் இதைச் செய்தவைதான். இரண்டாவது உலகப் போரின்போது, 1941 ஜூன் 1 முதல், பிரிட்டனில் துணிக்கு ரேஷன் வந்தது. பழையதைப் பிரித்துப் புதியதாகத் தைப்பது எப்படி என்று 1943-ல் அரசாங்கமே புத்தகம் போட்டு மக்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. துணி ரேஷன் 1949 வரை நீடித்தது.

அமெரிக்காவில் 1930-களில் கொடிய பொருளாதார மந்தம். பண்ணைப் பெண்கள் மாவு வந்த பருத்திச் சாக்கில் பிள்ளைகளுக்குக் கவுன் தைத்தார்கள். இதைக் கண்ட மாவுக் கம்பெனிகள் சாக்கிலேயே பூப்போட்டு விற்கத் தொடங்கின!

தைக்கும் முன்பு...

துணி பருத்திதானா என்று தெரியவில்லையா? நாலு நூலை உருவுங்கள். இடுக்கியில் பிடித்து, ஒரு தட்டின் மேல் வைத்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் போல் எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணி போல் ஆகும். இதைப் பெரியவர்கள் மட்டுமே செய்ய வேண்டும். உருகும் துணி உடம்பில் பட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பதால், அடுப்படியில் அதை உடுத்துவதும் ஆபத்து.

துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சல்லடை போல் தெரியும் இடத்தை ஒதுக்கிவிடுங்கள். இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தி இழுங்கள். கிழிந்தால் அது கைப்பிடித் துணிக்குத்தான் லாயக்கு.

கடையில் வாங்கிய புதுத் துண்டுத் துணி என்றால், ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, உலர்த்தி, பிறகு வெட்டுங்கள். இல்லாவிட்டால் முதல் துவைப்பில் சட்டை சுருங்கிவிடும். பழைய துணியை நன்றாகத் துவைத்து வெயிலில் காயவையுங்கள். "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்பது பெரியவர்கள் சொன்ன பழமொழி.

அளவுக்கு டேப் தேடி அலைய வேண்டாம். குழந்தைக்குச் சரியாக இருக்கும் ஒரு சட்டையைச் செய்தித்தாளின் மேல் விரியுங்கள். சுற்றிலும் கோடு போடுங்கள். தையலுக்கு அரை அங்குலம் கூட்டுங்கள். கீழே மடிப்புக்கு இரண்டு அங்குலம் விடுங்கள். பிள்ளை வளர்ந்தால் மடிப்பை இறக்கிவிடலாம்; அடுத்த கோடைக்கும் ஆகும்!

துணியின் நீளவாக்கில் சட்டையின் நீளம் வரட்டும். கழுத்துக்கும் கைக்கும் வைக்கும் பட்டியை மூலைவாட்டமாக, கிராஸாக வெட்டுங்கள். அப்போதுதான் வளைவில் சுருக்கம் விழாமல் படியும். கோடையில் பிசிறு உடம்பை உறுத்தும். ஆகவே பிசிறு உள்ளே மறையும்படி இரட்டைத் தையல் போடுங்கள். மிஷின் இல்லாவிட்டால் ஊசி நூலே போதும். நெருக்கமாகப் பின்தையல் போட்டால் பிரியாது.

குழந்தைச் சட்டையின் கழுத்தில் நாடா மட்டும் வேண்டாம். எதிலாவது மாட்டிக்கொண்டால் உயிருக்கு ஆபத்து. பட்டன் போதும்.

துண்டுத் துணி எங்கே?

வீட்டில் போதவில்லை என்றால் ஊரிலேயே கிடைக்கும். தையல் கடைகளில் மிஞ்சும் துண்டுகள் மூட்டையாகக் கிடக்கின்றன. கட்பீஸ் கடைகள் அநேகமாக எல்லா ஊர்களிலும் உண்டு. ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்கும், திருப்பூர் காதர்பேட்டைக்கும் போகிறவர்கள் மலிவாக வாங்கி வருவார்கள்.

திருப்பூர் ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்த ஊர். ஆடை வெட்டும்போது நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்கு துணி ஓரமாகக் கழிவது வழக்கம். அப்படியானால் திருப்பூரில் கழியும் துணி எவ்வளவு இருக்கும்! அதில் பெரும்பகுதி வீணாவது இல்லை. பிய்த்து மறுபடி நூலாக்குகிறார்கள். மிஷின் துடைக்க அனுப்புகிறார்கள். ஆனால் கையகலத்துக்கு மேல் உள்ள நல்ல துண்டை நூலாகப் பிய்ப்பதற்கு முன்னால், ஒரு குழந்தைக்கு உள்சட்டையாக்கலாமே! பனியன் துணி இழுபடும். அதற்கென்று முனை மழுங்கிய ஊசி விற்கிறது. அதைப் போட்டுத் தைக்க வேண்டும்.

அரசாங்கம் செய்யக்கூடியது

தையல் தெரிந்த ஏழைப் பெண்களுக்கு, முக்கியமாகக் கணவனை இழந்தவர்களுக்கும் கைவிடப்பட்டவர்களுக்கும், தமிழ்நாடு அரசு பல ஆண்டுகளாக இலவசத் தையல் மிஷின் கொடுத்து வந்திருக்கிறது. சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளின் சீருடையை மகளிர் கூட்டுறவுச் சங்கங்கள் தைத்துக் கொடுத்திருக்கின்றன. 2025 செப்டம்பர் 22 முதல் தையல் மிஷினுக்கு ஜி.எஸ்.டி. வரி நூற்றுக்கு 12-ல் இருந்து 5 ஆகக் குறைந்தது.

மிஷின் இருக்கிறது, கை இருக்கிறது, கழிவுத் துணியும் இருக்கிறது. மூன்றையும் ஓர் இடத்தில் சேர்க்கத்தான் ஆள் வேண்டும். ஆலைகளில் மிஞ்சும் பருத்தித் துண்டுகளை மகளிர் குழுக்களுக்கு மலிவாகக் கொடுக்க ஏற்பாடு செய்தால், அங்கன்வாடிக் குழந்தைகளுக்குக் கோடைச் சட்டை கிடைக்கும். பெண்களுக்குக் கூலியும் கிடைக்கும். வெப்ப அலையைப் பேரிடர் என்று அறிவித்த பிறகு இதுவும் ஒரு முன்னெச்சரிக்கைதான்.

யார் தைப்பது?

கடைசியாக ஒன்று. "கூலி இல்லை" என்று மேலே சொன்னோம். வீட்டுப் பெண்ணின் உழைப்புக்கு விலை இல்லை என்று அதற்கு அர்த்தம் அல்ல. சமைத்து, துவைத்து, வேலைக்கும் போய் வந்தவள் தலையில் தையலையும் ஏற்றினால் அது லாபக் கணக்கு ஆகாது.

ஊசியில் நூல் கோக்க ஆண், பெண் என்று பேதம் இல்லை. கடைத்தெருவில் தையல் மிஷின் மிதிப்பவர்களில் எத்தனை பேர் ஆண்கள்! இயந்திரங்களை அவ்வளவாக விரும்பாத காந்தியடிகளே தையல் மிஷினைப் பயனுள்ள இயந்திரம் என்று 1924-ல் பாராட்டினார்.

கோடை விடுமுறையில் பிள்ளைகள் சும்மாதான் இருக்கிறார்கள். பையனுக்கும் பெண்ணுக்கும் சேர்த்தே சொல்லிக் கொடுங்கள். முதலில் பட்டன் தைக்கட்டும். பிறகு ஓரம் மடித்துத் தைக்கட்டும். மூன்றாவது வாரம் தலையணை உறை தைத்துவிடுவார்கள். அடுத்த கோடைக்குத் தங்கள் சட்டையைத் தாங்களே தைத்துக்கொள்வார்கள்.

சித்திரை மாதம் கத்திரி வெயில் தொடங்கும். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியை இறக்குங்கள். எது பருத்தி, எது கெட்டி என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பிரியுங்கள். பாத்திரக்காரர் அடுத்த வாரம் வரட்டும்!