மழை விட்டதும் ஏரிக்கரையில் சைக்கிளா?

மழை விட்டது. வெயில் எட்டிப் பார்த்தது. உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குக் கிளம்பிவிடுகிறார்கள் நம் பிள்ளைகள்.

சாதாரண சைக்கிள் அல்ல. தடித்த டயரும் கியரும் வைத்த மலைச் சைக்கிள்!

நல்ல விளையாட்டுதான். 1996-ம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கிலேயே இது இடம் பிடித்தது. 2023-ல் ஆசியப் போட்டி பக்கத்துக் கேரளத்தில், பொன்முடி மலையில் நடந்தது.

காஞ்சீபுரம் பக்கத்துப் பிள்ளைகள் மலைக்கு எங்கே போவார்கள்? ஏரிக்கரைதான் அவர்களுக்கு மலை. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

மண்ணுக்கு மண் வேறு

மழைக்குப் பிறகு எல்லா மண்ணும் ஒன்றுபோல் இருப்பதில்லை.

பாலாற்று மணலைப் பாருங்கள். காய்ந்திருந்தால் சக்கரம் புதையும். நனைந்தால் இறுகும். தண்ணீரும் சீக்கிரம் கீழே இறங்கிவிடும். சரளை கலந்த செம்மண் மேடும் விரைவில் காய்ந்துவிடும்.

களிமண் அப்படி அல்ல. தண்ணீரைக் குடித்து உப்பும், எளிதில் விடாது. மேலே காய்ந்ததுபோல் தெரியும். உள்ளே குழகுழவென்று இருக்கும். சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். ஏரிக்கரையில் இருப்பது பெரும்பாலும் இந்தக் களி கலந்த மண்தான்.

ஆபத்து எங்கே?

சேற்றில் விழுந்தால் சட்டை அழுக்காகும். துவைத்துக்கொள்ளலாம்.

ஆனால், சக்கரம் பதித்த கோடு? அடுத்த மழையில் தண்ணீர் அந்தக் கோட்டில்தான் ஓடும். சரிவில் வேகம் கூடும், மண்ணை அரிக்கும். விரல் ஆழக் கோடு, முழ ஆழப் பள்ளம் ஆகும்.

பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போனால், ஓரத்துப் புல் சாகும். கரை மண்ணைப் பிடித்து நிறுத்துவது அந்தப் புல்லின் வேர் அல்லவா?

கரை பலவீனப்பட்டால் யாருக்கு நஷ்டம்? கீழே நெல் பயிரிட்டிருக்கும் விவசாயிக்கு!

"டிராக்டர் போகிறதே, மாடு போகிறதே, சைக்கிளை மட்டும் சொல்வானேன்?" என்று பிள்ளைகள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஈரக் கரையில் டிராக்டரையும் விடக் கூடாது என்பதே நம் கருத்து.

சோழர் கால ஏற்பாடு

காஞ்சீபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921-ம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஏரியைக் கவனிக்கவே 'ஏரி வாரியம்' என்று ஒரு குழு இருந்ததை அவை சொல்கின்றன. அதன் உறுப்பினர்கள் 6 பேரையும் குடவோலை போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். ஏரிக்கு அவ்வளவு மதிப்பு!

என்ன செய்யலாம்?

கரையில் ஏறுமுன் குதிகாலால் மண்ணை அழுத்திப் பாருங்கள். புதைந்தால், திரும்பிவிடுங்கள். டயரில் மண் ஒட்டினால், இறங்கித் தள்ளிக்கொண்டு வாருங்கள். மழை நாளில் சரளை மேட்டிலோ, தார் ரோட்டிலோ ஓட்டுங்கள்.

ஊராட்சிகளும் ஒன்று செய்யலாம். கரைக்கு வெளியே, மேடான இடத்தில், சரளை கொட்டிப் பாதை போட்டுத் தரலாம். தண்ணீர் தேங்காமல் வழிய, ஒரு பக்கம் கொஞ்சம் சரிவு இருந்தால் போதும்.

மழை நாளில் நெசவாளி தெருவில் பாவு நீட்டமாட்டார். வெயில் வரட்டும் என்று பொறுத்திருப்பார். அந்தப் பொறுமை நம் பிள்ளைகளுக்கும் வேண்டும்.