பள்ளிக்கூட வாசலில் ஒரு கேள்வி

"சொந்தப் பிள்ளையா?" என்று பள்ளிக்கூட வாசலில் நின்று கேட்கவே கூடாது. தத்து எடுத்த பெண்ணுக்கு முதல் சிநேகிதி கிடைத்த அன்று தாய்க்கு உண்டாகும் பூரிப்பு கொஞ்சமா? மூலையில் ஒதுங்கி நின்ற குழந்தை இன்று கொடுக்காப்புளியைப் பங்கு போட்டுத் தின்கிறதே!

தத்து எடுத்த நாள் முதல் எல்லா விதத்திலும் அது அவர்கள் பிள்ளைதான் என்கிறது 1956-ஆம் ஆண்டின் இந்து சுவீகாரச் சட்டம். மதம் எதுவானாலும் அதையே சொல்கிறது 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம். குழந்தைக்கு உண்மையைச் சொல்ல வேண்டியவர்கள் தாய் தகப்பன், நாம் அல்ல. நாம் வீட்டில் குசுகுசுப்பது நம் பிள்ளை காதில் விழும். மறுநாள் வகுப்புக்குப் போய்விடும். அந்தச் சிநேகம் முறிந்தால் யார் ஒட்டவைப்பது?

பேச ஆசையா? "உங்கள் பெண்ணுக்குச் சிநேகிதிகள் யார் யார்?" என்று கேளுங்கள். அந்த அம்மாள் அரை மணி நேரம் சொல்வார்.