உருளுற கல்லும் ஒட்டாத பாசியும்

குரூப் டிஸ்கஷன்ல அடிக்கடி தலைகாட்டுற பழமொழிதான் இந்த வாரம்: 'எ ரோலிங் ஸ்டோன் கேதர்ஸ் நோ மாஸ்'. உருளுற கல்லுல பாசி பிடிக்காது. ஓ.கே., இது பாராட்டா, திட்டா?

'ஓடிக்கிட்டே இருந்தா ஃப்ரெஷ்ஷா இருக்கலாம்'னு நம்மில் பலர் சொல்வோம். நமக்குப் பாசின்னாலே வழுக்கி விடுற குளத்துப் படிக்கட்டுதானே ஞாபகம் வரும்! ஆனா, ஜான் ஹேவுட் 1546-ல் இதைத் தன் இங்கிலீஷ் பழமொழித் தொகுப்புல சேர்த்தப்போ, பாசின்னா சேமிப்பு, சொத்து. ஒரு இடத்துல நிலைக்காதவன் கையில எதுவும் ஒட்டாதுன்னு எச்சரிக்கை! அப்புறம் காத்து திசை மாறிச்சு. 1950-ல் மடி வாட்டர்ஸ் 'ரோலின் ஸ்டோன்'னு பாட, 1962-ல் 'ரோலிங் ஸ்டோன்ஸ்' இசைக்குழு அந்தப் பேரையே வச்சுக்கிச்சு. உருளுற கல் ஹீரோ ஆயிடுச்சு.

எங்க ரெட்டிபாளையம் பக்கம் இந்த ரெண்டு அர்த்தமும் ஒரே வீட்டுக்குள்ள மோதிக்கும். "இங்கேயே சிமென்ட் ஃபேக்டரி இருக்கு, ஊரோட இருடா"ம்பார் அப்பா. "பெங்களூரு போறேம்ப்பா"ம்பான் பையன். யார் கரெக்ட்?

காலுக்குக் கீழே பாருங்க. சுமார் 7 கோடி வருஷத்துக்கு முன்னால அரியலூர் வட்டாரம் கடல். அந்தக் கடல்ல வாழ்ந்த சிப்பிகளோட ஓடு அடுக்கடுக்காப் படிஞ்சுதான் சுண்ணாம்புக்கல் ஆச்சு. சிமென்ட்டுக்கு மூலப்பொருளே அதுதான். சும்மா கிடந்ததால வந்த மதிப்பு இல்லை பாஸ், படிஞ்சதால வந்த மதிப்பு! அந்தக் கல்லும் இன்னிக்கு லாரியில ஏறி உருண்டுக்கிட்டுதான் இருக்கு. வெட்டின சுரங்கம் பள்ளமாத்தான் நிக்குது. கல் நிரந்தரம்னு நம்பி உட்கார முடியாது.

அதனால கேள்வி 'இருக்கலாமா, போகலாமா?' இல்லை, 'எனக்குள்ள என்ன படியுது?'. ஊர்லயே இருந்து வருஷா வருஷம் ஒரு தொழில் நுணுக்கம் கத்துக்கிட்டா, அது பாசி இல்லை, சொத்து. ஆறு மாசத்துக்கு ஒரு கம்பெனி மாறியும் எதுவும் படியலைன்னா, ஹேவுட் காலத்து எச்சரிக்கை உங்களுக்குத்தான்.

இன்டர்வியூ டிப்ஸ்: உங்க ரெஸ்யூமைப் பார்த்துட்டு ஹெச்.ஆர். 'ரோலிங் ஸ்டோன்'னு சிரிச்சா, 'தேங்க்யூ' சொல்லிடாதீங்க. பெரும்பாலும் அது பழைய அர்த்தம். ஒவ்வொரு இடத்துலயும் என்ன கத்துக்கிட்டீங்கன்னு சொல்லுங்க. நீங்களே இந்தப் பழமொழியை எடுத்து விட்டா, எந்த அர்த்தம்னு அடுத்த வரியிலேயே தெளிவாக்கிடுங்க.

அடுத்த வாரம் வேற பழமொழியோட பார்ப்போம். டாடா!