காகிதம் சொன்ன சேதி
- மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன்



கல்யாண வீட்டு வாசலில் ஆரத்தி எடுப்பதைப் பார்க்காதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பைக் கரைத்ததும் குபீரென்று சிவக்கிறதே, அது என்ன வித்தை? பத்தாம் வகுப்பு வரைக்கும் அதைக் குங்குமம் என்றே நினைத்துக்கொண்டிருந்தவன் நான். இங்கே முதலாம் ஆண்டு வேதியியல் ஆய்வகத்தில்தான் விஷயம் புரிந்தது. சுண்ணாம்பு காரம். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். அந்த மஞ்சளை ஒரு வெள்ளைத் தாளில் தடவிக் காயவைத்தால் அதுவே ஒரு சோதனைக் கருவி. சோப்புத் தண்ணீர் பட்டாலும் காட்டிக்கொடுத்துவிடும். செலவு? அஞ்சறைப் பெட்டியில் கைவிட்டால் போதும்!

ஊருக்குப் போய்ப் பெருமையாகச் செய்து காட்டினேன். "இதப் படிக்கவாடா தினம் ரெண்டு பஸ்ஸு மாறிப் போற? எங்க அப்பத்தாளுக்கே தெரியுமே" என்று அம்மா சிரித்துவிட்டார்கள். எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். அம்மா கைநாட்டு. அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர், ஊராட்சியில் டேங்க் ஆபரேட்டர். தொட்டியில் தண்ணீர் ஏற்றுவது, ப்ளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றுவது, காலையில் வால்வைத் திறந்து மூடுவது எல்லாம் அவர் வேலை. நான் சொல்ல வந்தது அவர் சம்பந்தப்பட்ட கதைதான்.

போன ஐப்பசி மழையில் எங்கள் ஊர்க் கீழத்தெருவில் அடுத்தடுத்து பதினொரு பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. இரண்டு பிள்ளைகளை ஆஸ்பத்திரியில் சேர்த்து குளுக்கோஸ் ஏற்றும்படி ஆகிவிட்டது. ஊர் என்ன சொல்லும்? "டேங்க்ல பவுடர் போடாம வித்துப்புட்டான்" என்று டீக்கடையிலேயே பேச்சு. அப்பா அந்தக் கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டார். தொட்டியிலிருந்து ஒரு கேன் தண்ணீர் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். இருபது நாள் கழித்துத் தாள் வந்தது: குடிக்க உகந்தது!

நண்பர்களே, ஆய்வகம் பொய் சொல்லவில்லை. எந்த இடத்துத் தண்ணீரைக் கொடுத்தார்களோ அந்த இடத்துத் தண்ணீருக்கு அது சரியான பதிலைத்தான் சொன்னது. ஆனால் பிள்ளைகள் குடித்தது தொட்டித் தண்ணீரையா? தெருக்குழாய்த் தண்ணீரை அல்லவா!

அந்தச் சமயத்தில்தான் எங்கள் விரிவுரையாளர் ஒருவர் (பெயர் போட்டால் கோபித்துக்கொள்வார்) எச்.டூ.எஸ். பாட்டில் பற்றிச் சொன்னார். நம்ம நாட்டுச் சரக்குதான். குவாலியரில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த மஞ்சா, மௌர்யா, ராவ் என்ற மூவர் 1982-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் இதை வெளியிட்டார்கள். பெப்டோன், சோடியம் தயோசல்பேட், இரும்பு உப்பு முதலியவற்றைக் கரைத்து, மெல்லிய காகிதத்தை மடித்து அதில் ஊறவைத்து, கிருமி நீக்கிக் காயவைத்துச் சின்ன பாட்டிலுக்குள் போட்டிருப்பார்கள். 20 மில்லி தண்ணீரை ஊற்றி மூடி வைக்க வேண்டியதுதான். நம்ம ஊர் வெக்கையே போதும், கரண்ட் வேண்டாம். மலம் கலந்த தண்ணீராக இருந்தால் அதோடு வருகிற குடல் கிருமிகள் பெருகி ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை, அதாவது அழுகிய முட்டை நாற்றம் அடிக்குமே அதை, விடும். அது காகிதத்தில் உள்ள இரும்போடு சேர்ந்தால் இரும்பு சல்பைடு. கன்னங்கரேலென்று இருக்கும். சாயங்காலம் ஊற்றினால் மறுநாள் காலையில் பார்த்துவிடலாம்.

ஏழு பாட்டில் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். தொட்டிக்கு ஒன்று. கீழத்தெருவுக்குப் போகிற குழாய் வரிசையில் ஆறு குழாய்க்கு ஆறு. நம்பர் எழுதி ஒட்டி, அரிசி மூட்டை மேலே வரிசையாக வைத்துவிட்டுப் படுத்தேன். தூக்கம் வருமா? தொட்டிப் பாட்டில் கறுத்துவிட்டால் ஊர் சொன்னதுதானே சரி என்றாகிவிடும்! அப்பாவும் தூங்கவில்லை. இருமிக்கொண்டே இருந்தார்.

விடியற்காலையில் அம்மாதான் முதலில் பார்த்தார்கள். "ஏய், கடைசி ரெண்டும் கரியா இருக்குடா!" தொட்டி தெளிவு. ஒன்றிலிருந்து நாலாம் குழாய் வரை தெளிவு. ஐந்தும் ஆறும் கறுப்பு. நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே சாக்கடைப் பாலம் இருக்கிறது. அப்பா ஒன்றும் பேசாமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தோண்டினால், பாலத்தடியில் பைப் ஜாயிண்ட் விட்டுப்போய், யாரோ எப்போதோ சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். காலையில் தண்ணீர் ஓடும்போது அது வெளியே கசியும். வால்வை மூடி பைப் காலியாகிறபோது வெளியே நிற்கிற சாக்கடையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அது அடுத்த நாள் காலையில் பிள்ளைகள் சொம்புக்கு வரும். "பாலத்துக்கிட்ட பைப்பு சரியில்ல" என்று அப்பா ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்ததுதான். மூன்றாம் வகுப்புக்காரர் சொல்லி யார் கேட்டார்கள்? கறுத்த பாட்டிலைக் காட்டியதும் நான்கே நாளில் புது பைப் வந்தது. எனக்கு அதில் சந்தோஷம் பாதி, எரிச்சல் பாதி.

இங்கேதான் என் கருத்து. 'மலிவு' என்றால் 'மட்டம்' என்று நம் மனதில் பதிந்து கிடக்கிறது. கண்ணாடி பீரோவுக்குள் இருக்கும் விலையுயர்ந்த மீட்டரைத் தூரத்திலிருந்து கும்பிடுகிறோம், காகிதத்தை விளையாட்டுச் சாமான் என்கிறோம். ஆனால் பெரிய ஆய்வகத்துக்கு ஒரு கேன்தான் போகும். அது இருக்கிறதா இல்லையா என்று சொல்லும். காகிதம் மலிவு என்பதால் ஏழு இடத்தில் வைக்கலாம். ஏழு இடத்தில் வைத்தால்தான் *எங்கே* என்று தெரியும். சிவில்காரனுக்கு வேண்டியது அந்த 'எங்கே'தானே? தோண்ட வேண்டியவன் அவனல்லவா!

வெளிநாட்டுக்காரர்கள் இதை விளையாட்டாக நினைக்கவில்லை. 2007-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒயிட்சைட்ஸ் என்ற பேராசிரியரின் குழு, காகிதத்தின் மேல் நீர் புகாத கோடுகளால் வாய்க்கால் மாதிரி பிரித்து, ஒரே சொட்டு சிறுநீரில் சர்க்கரையையும் புரதத்தையும் தனித்தனியே காட்டியது. பம்ப் கிடையாது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற அதே தத்துவம். பிறகு மெழுகிலேயே அந்தக் கோடுகளைப் போட்டார்கள். மெழுகுவர்த்தியும் வடிதாளும் இஸ்திரிப் பெட்டியும் இருந்தால் நாமே செய்து பார்க்கலாம். ஹார்வர்டு என்றால் எழுந்து நின்று கைதட்டுகிறோம். அதற்கு 25 வருஷம் முன்னால் குவாலியரில் செய்ததை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? நானே போன வருஷம்தான் கேள்விப்பட்டேன்!

"பாட்டில் சொல்றதெல்லாம் வேதவாக்கா?" என்று என் பெஞ்ச் நண்பன் மடக்கினான். நியாயமான கேள்வி. இல்லை. சில ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் இயற்கையாகவே சல்பைடு இருக்கும், அதிலும் கறுக்கும். எத்தனை கிருமி என்று எண்ணிச் சொல்லாது. தெளிவாக இருந்தால் அது நற்சான்றிதழும் இல்லை. தர்மபுரிப் பக்கம் பல்லைக் கறையாக்குகிற ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டி இருந்தாலும் இந்தப் பாட்டிலுக்குத் தெரியவே தெரியாது, அதற்கு வேறு சோதனை. ஆகவே கறுத்த குழாய்த் தண்ணீரை ஆய்வகத்துக்கும் அனுப்பத்தான் வேண்டும், நாங்களும் அனுப்பினோம். ஆனால் இருபது நாள் அந்தத் தாளுக்காகக் காத்திருக்கும்போது பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமலா இருப்பார்கள்? அன்று காலையிலிருந்தே கீழத்தெருவில் காய்ச்சிக் குடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். (ஒரு எச்சரிக்கை: கறுத்த பாட்டிலைத் திறந்து மோந்து பார்க்காதீர்கள். உள்ளே கிருமி கோடிக்கணக்கில் இருக்கும். ப்ளீச்சிங் கரைசல் ஊற்றி, ஊறவிட்டுத்தான் கொட்ட வேண்டும்.)

இன்னொன்றும் மனதில் நிற்கிறது. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ச் சோதனை பழக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். முன்பு இதைப் படித்தபோது, எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள் என்று அலட்சியமாக நினைத்தேன். ஆய்வகம் அனுப்பிய தாளை எங்கம்மாவால் படிக்க முடியவில்லை, நான்தான் படித்துச் சொன்னேன். ஆனால் அரிசி மூட்டை மேலிருந்த ஏழு பாட்டிலை எனக்கு முன்னால் படித்தது அவர்கள்தான்.

அப்பா இப்போது டீக்கடைக்குப் போகிறார். மழைக்கு முன்னால் மேலத்தெருவுக்கும் ஆறு பாட்டில் வேண்டும் என்று சொல்லிவிட்டார். விரிவுரையாளர் உதவியோடு நாங்கள் நாலு பேர் சேர்ந்து காகிதம் தயார் செய்துகொண்டிருக்கிறோம். நம் விடுதிக் குழாய்களுக்கும் வைத்துப் பார்க்க எண்ணம். உங்கள் ஊருக்கு வேண்டும் என்பவர்கள், எத்தனை குழாய் என்று எண்ணிக்கொண்டு சிவில் மூன்றாம் ஆண்டு வகுப்புக்கு வாருங்கள்.