டிராக்டரில் நீங்களே கை வைத்தால் வாரண்டி போகுமா?

"வெளியே பிரித்தால் வாரண்டி கிடையாது" என்று டிராக்டர் டீலர் சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஏர் கிளீனரைச் சுத்தம் செய்வது, ஆயில் மட்டம் பார்ப்பது, கிரீஸ் அடிப்பது போன்றவை உரிமையாளரின் வேலை என்று கையேட்டிலேயே இருக்கும். புழுதியில் ரோட்டவேட்டர் ஓட்டிவிட்டு ஏர் கிளீனரைப் பார்க்காமல் விட்டால்தான் வாரண்டி கேட்கும்போது சிக்கல்.

கார்களுக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. 2014-ல் 14 கார் நிறுவனங்களுக்கு அபராதம் விதித்த இந்தியப் போட்டி ஆணையம், வெளி மெக்கானிக்கிடம் போனாலே வாரண்டி ரத்து என்று சொல்லக் கூடாது என்றது. டிராக்டர் அந்த வழக்கில் இல்லை. மத்திய நுகர்வோர் துறை 2022-ல் அமைத்த 'பழுதுநீக்கும் உரிமை' குழு விவசாயக் கருவிகளையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் தனிச் சட்டம் வரவில்லை.

ஆகவே இப்போதைக்கு உங்கள் கையில் இருக்கும் காகிதம்தான் பலம். ஆயில், பில்டர் வாங்கிய ஜிஎஸ்டி பில்லை வைத்திருங்கள். மாற்றும் அன்று ஹவர் மீட்டரைப் படம் எடுங்கள். கையேட்டில் சொன்ன தர ஆயிலையே ஊற்றுங்கள். இலவச சர்வீஸை மட்டும் குறித்த மணி நேரத்துக்குள் டீலரிடமே முடியுங்கள். டீசல் பம்ப் சீலை உடைக்கவே வேண்டாம். அதை உடைத்துவிட்டு வாதாடுவது கஷ்டம்.

வாரண்டியை மறுத்தால், எந்தப் பாகம், எந்த நிபந்தனைப்படி என்று எழுத்தில் கேளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட 2 ஆண்டு அவகாசம் உண்டு. வாடகைக்கும் ஓட்டுபவர்கள், அது சுயதொழில் பிழைப்புக்காகத்தான் என்பதை மனுவில் தெளிவாக எழுதுங்கள். 'வணிக நோக்கம்' என்று சொல்லி எதிர்த்தரப்பு தட்டிக்கழிக்கப் பார்க்கும்.